மாமாவின் கட்டத்தில் என்ன எழுதுவது

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கார்த்திகா பேனாவைக் கையில் எடுத்தால் போதும், வீட்டில் எல்லாருக்கும் ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். கணவன் செந்தூரனுக்குக் கீழே போய் கார் டயரில் காற்று பார்க்க வேண்டியிருக்கும். மகள் சிந்து துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விடுவாள். மாமனார் வீரசிங்கம் மட்டும் சோபாவை விட்டு நகரமாட்டார். கையிலிருக்கும் பேப்பரை முகத்துக்கு நேரே இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

"வர்ற வாரம் என்ன சமைக்கிறது? சொல்லுங்க, எழுதணும்."

"எதுன்னாலும் ஓகே லா," என்று செந்தூரன் வாசல்படியிலிருந்தே சொல்வான்.

"உங்களுக்கு எது ஈஸியோ அதும்மா." இது குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து.

"எதெண்டாலும் சரி, பிள்ளை." இது பேப்பருக்குப் பின்னாலிருந்து.

'எதுன்னாலும்' என்று ஒரு காய் பாசாரில் விற்றால் நாலு கிலோ வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று கார்த்திகா பல தடவை நினைத்திருக்கிறாள். அப்படி ஒரு காய் பிரிக்பீல்ட்ஸிலும் இல்லை, கிள்ளானிலும் இல்லை. கடைசியில் அவளேதான் கோடு போட்டு, ஏழு நாளையும் பிரித்து, எழுதி, காந்தம் வைத்து பிரிட்ஜ் கதவில் ஒட்டுவாள்.

கார்த்திகா துறைமுக ஊரான கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டினார். படித்து முடித்ததும் கிள்ளானிலேயே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்தாள். இருபத்து மூன்று வருஷமாக அதே வேலை. மாதிரிக்கு எடுத்த ஒவ்வொரு ரப்பர் கையுறையிலும் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு, இரண்டு நிமிஷத்தில் எங்கேயாவது சொட்டுகிறதா என்று பார்க்கிற பிரிவு. இப்போது அவளுக்குக் கீழே பதினாறு பேர். யாழ்ப்பாணத் தமிழர் வீட்டுப் பையனான செந்தூரனைக் கல்யாணம் செய்துகொண்டு தலைநகரின் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு வந்த பிறகும் வேலையை விடவில்லை. காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமூட்டர் ரயில் பிடித்து, கிள்ளானில் இறங்கி, கம்பெனி வேன் ஏறுவாள். திரும்பி வர ராத்திரி ஏழாகிவிடும்.

அதனால்தான் அந்தத் தாள். ஞாயிறு காலையில் பாசாருக்குப் போய் வாங்கி, மீனைக் கழுவி, கோழியை வெட்டி, வெங்காயம் அரைத்து, டப்பா டப்பாவாக அடைத்து, மேலே கிழமை எழுதி வைத்தால்தான் வார நாட்களில் உலை கொதிக்கும். மாமி உயிரோடு இருந்தவரை அடுப்படி மாமியின் கையில் இருந்தது. நாலு வருஷத்துக்கு முன் மாமி போனாள். போன அந்த வருஷமே மாமாவின் சர்க்கரை ஏறி, சிறுநீரகமும் லேசாகப் பழுதாகியிருக்கிறது என்று அரசாங்க கிளினிக்கில் சொன்னார்கள். உணவு ஆலோசகர் ஒரு தாள் கொடுத்தார். அன்றிலிருந்து பிரிட்ஜ் கதவில் நாலு பேருக்கும் தனித்தனிக் கட்டம்.

தாளில் எழுதியது தட்டுக்கு வருவதற்குள் என்னவெல்லாம் நடக்கும் என்பதற்கு ஒரு வாரத்தைச் சொன்னால் போதும்.

திங்கட்கிழமை முருங்கைக்காய் சாம்பார், கோழிப் பிரட்டல், கங்கோங் கீரை என்று எழுதியிருந்தாள். ரயிலில் வரும்போதே சிந்துவிடமிருந்து செய்தி: "மா, இன்னைலேர்ந்து நைட் சோறு இல்ல. முட்டை வெள்ளைக்கரு மட்டும்." சிந்து சுபாங்கில் கல்லூரியில் படிக்கிறாள், இருபது வயது, ஜிம்முக்குப் போகிறாள். மாதத்துக்கு ஒரு புதுக் கொள்கை. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்த பிறகு செந்தூரன் தலையை நீட்டினான். "ஆபிஸ்ல ஃபேர்வெல், செம்ம ஹெவியா சாப்பிட்டுட்டேன். எனக்கு ஒண்ணும் வேணாம்."

"காலையிலயே தெரியும்ல? ஒரு மெசேஜ் போட முடியாதா?"

"மறந்துட்டேன் லா. நாளைக்கு சாப்பிட்டுக்கலாமே."

செவ்வாய்க்கு மீன் எழுதியிருந்தது. மீன் ஐஸிலிருந்து எடுத்து வைத்தாயிற்று, இனி திரும்ப வைக்க முடியாது. ஆக செவ்வாய்க்கிழமை மேசையில் மீனும் இருந்தது, திங்கட்கிழமைக் கோழியும் இருந்தது. கோழியை யாரும் தொடவில்லை. புதன்கிழமை மத்தியானம் தொழிற்சாலை கேன்டீனில் கார்த்திகா அதைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். அவளுடைய மத்தியானச் சாப்பாடு எப்போதுமே முந்தாநாளின் மிச்சம்தான். தாளில் தனக்கென்று ஒரு விருப்பத்தை எழுதியதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. ஆனால் அதற்குக்கூட அவள் வருத்தப்படவில்லை. வாயைத் திறந்து சொல்லமாட்டேன் என்பவர்கள், சமைத்து வைத்த பிறகு மட்டும் எப்படி வாய் திறக்கிறார்கள் என்பதுதான் அவளுக்கு ஆறவே இல்லை.

"இன்னிக்கும் மீனா?"

யார் கேட்டாலும் இந்தக் கேள்வி அவள் நெற்றிப் பொட்டில் வந்து குத்தும்.

மாமா ஒருவர்தான் குறை சொல்லாதவர். ரயில்வே அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபத்தாறு வயது, சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போடாமல் கீழே இறங்கமாட்டார். தினமும் காலை பத்து மணிக்கு ஸ்காட் ரோடு கந்தசாமி கோயிலுக்கு நடந்து போய், பன்னிரண்டுக்குள் வந்து, கார்த்திகா டப்பாவில் வைத்துவிட்டுப் போனதை மைக்ரோவேவில் சுட வைத்துச் சாப்பிட்டு, டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பார். ஒரு பருக்கைகூட மிச்சம் இருக்காது. பிசகாத ஒரே ஆள் என்று அவளுக்கு அவர்மேல் ஒரு தனி மதிப்பு. அந்த டப்பாவுக்காகத்தான் நாலேமுக்காலுக்கு எழுந்திருப்பாள். உப்பு இல்லாத குழம்பை எப்படியாவது வாயில் வைக்கிற மாதிரி செய்ய, எலுமிச்சை பிழிவாள், மல்லித்தழை அரைப்பாள், மிளகைப் புதிதாக வறுத்து இடிப்பாள்.

போன ஜூலையில் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோது, மூன்று மாதச் சர்க்கரை ஒன்பது புள்ளி நாலு என்று வந்தது. அதற்கு முந்தைய தடவை ஏழரை. இளம் டாக்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தலையைத் தூக்கி, மலாயில் கேட்டார்: "வீட்டில யார் சமைக்கிறது?"

செந்தூரன் கார்த்திகாவைப் பார்த்தான். மாமா தன் கைத்தடியின் பிடியைப் பார்த்தார்.

"நான்தான்," என்றாள் கார்த்திகா.

"கொஞ்சம் கவனமா சமைக்கணும். இப்படியே போனால் ஊசிதான். சிறுநீரகமும் தாங்காது." டாக்டர் கோபமாகச் சொல்லவில்லை. நாற்பது பேர் வெளியே காத்திருக்கும்போது சொல்கிற குரலில்தான் சொன்னார். ஆனால் கார்த்திகாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டன. தொழிற்சாலையில் இருபத்து மூன்று வருஷத்தில் அவள் கையெழுத்துப் போட்டு அனுப்பிய சரக்கு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

காரில் வரும்போது கேட்டாள். "ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க? நான் எப்படிச் சமைக்கிறேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"அவங்க சும்மா கேட்டாங்க. நீ ஏன் பெர்சனலா எடுத்துக்கிற?" என்றான் செந்தூரன். பின் சீட்டில் மாமா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சனிக்கிழமை செமினியிலிருந்து வசுந்தரா வந்தாள். செந்தூரனின் அக்கா. அப்பாவின் ரிப்போர்ட்டை யாரோ போன் செய்து சொல்லியிருக்கிறார்கள். யாரென்று செந்தூரனைக் கேட்க வேண்டியதில்லை. வந்ததும் கைகூடக் கழுவாமல் அடுப்படிக்குள் போய், மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இந்தக் கறித்தூள் கடையில வாங்கினதா, கார்த்திகா?"

"இல்லக்கா. மாமி சொல்லிக்கொடுத்த அளவுல நான் வறுத்து அரைச்சது."

"அம்மா இருந்தப்ப அப்பாவுக்கு ஒரு நாளும் இவ்வளவு ஏறினதில்ல. அம்மா பார்த்துப் பார்த்துச் செய்வாங்க. உனக்கும் பாவம், வேலைக்குப் போற, டைம் இல்ல. நான் குறையா சொல்லல."

குறையாகச் சொல்லாமலேயே அரை மணி நேரம் சொன்னாள். மாமா ஹாலில்தான் இருந்தார். டிவியில் கிரிக்கெட் ஓடியது. அவர் சத்தத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு கார்த்திகா இறுக்கிவிட்டாள். மாமாவின் சோற்றை ஒரு சின்ன அளவுக் கப்பில் வழித்து அளந்தாள். கிழங்கு வகையறா வீட்டுக்குள் வருவது நின்றது. மற்றவர்களுக்காக எப்போதாவது வாங்கிய தேங்காய்ப்பாலும் நின்றது. பிரிட்ஜ் கதவில் மற்ற மூன்று கட்டங்களில் சாப்பாட்டின் பெயர்கள் இருக்க, மாமாவின் கட்டத்தில் முன்பே இருந்த 'இல்லை'களைச் சிவப்பு மையில் பெரிதாக எழுதினாள்: உப்பு இல்லை. பால் இல்லை. கிழங்கு இல்லை. வாழைப்பழம் இல்லை. தினம் காலையில் அவர் விரலைக் குத்திப் பார்த்தாள். மீட்டரில் ஏழுக்குள் இருக்க வேண்டியது பதின்மூன்று, பதினாலு காட்டியது. அளவுக் கப்பை மாற்றினாள். எண்ணெயை ஸ்பூனில் அளந்தாள். பதின்மூன்று புள்ளி ஆறு. எங்கே ஒழுகுகிறது என்று தெரியாமல் அவளுக்குத் தூக்கம் கெட்டது. ஒரு நாள் ரயிலில் உட்கார்ந்து அந்த வாரம் மாமா சாப்பிட்ட ஒவ்வொரு வாயையும் நோட்டில் எழுதிக் கூட்டிப் பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண், ஏதோ பரீட்சைக்குப் படிக்கிறாள் என்று நினைத்துக் கையை ஒதுக்கி இடம் விட்டாள்.

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை, தொழிற்சாலையில் கொதிகலன் பழுதாகி உற்பத்தி நின்றுபோனது. ஒன்பது மணிக்கெல்லாம் போகச் சொல்லிவிட்டார்கள். கார்த்திகா சென்ட்ரலில் வந்து இறங்கும்போது மணி பத்தரை. வெயில் நேரத்தில் வெளியில் நடந்தே ரொம்ப நாளாயிற்று. சும்மா இருக்கும் நேரம் கிடைத்தால் என்ன செய்வது என்று தெரியாமல், கோயில் பக்கம் சுற்றிக்கொண்டு போகலாம், மாமா இருந்தால் கூடவே வீட்டுக்கு வரலாம் என்று நடந்தாள்.

மாமா கோயிலில் இல்லை. கோயிலுக்குப் போகிற வழியில், மூலையில், முகமது யூசுப் என்று பலகை போட்ட ரொட்டிக் கடையில் இருந்தார். நடைபாதையை ஒட்டிய மேசை. முன்னால் ரொட்டி சானாய் இரண்டு, பருப்புக் குழம்பு ஊற்றி, ஓரத்தில் சம்பல். பக்கத்தில் நுரை பொங்க ஒரு தே தாரிக், பாலும் சீனியும் தூக்கலாகப் போட்ட டீ. அவர் சாப்பிட்ட விதத்தைத்தான் அவளால் பிறகும் மறக்க முடியவில்லை. வீட்டில் குனிந்து, சீக்கிரம் முடித்துவிட்டு எழுந்துவிடுகிறவர், இங்கே முதுகைச் சாய்த்து, ஒரு துண்டைக் குழம்பில் தோய்த்து, நிதானமாக, கண்ணை லேசாக மூடிக்கொண்டு மென்றார்.

கார்த்திகா எதிர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

மாமா நிமிர்ந்தார். கையிலிருந்த துண்டு தட்டில் விழுந்தது.

"வாங்கக்கா, என்ன குடிக்கிறீங்க?" என்று கடைக்காரர் யூசுப் துணியால் மேசையைத் துடைத்தார். "அங்கிளுக்குத் தெரிஞ்சவங்களா? அங்கிள் டெய்லி நம்ம கடைதான். ஞாயிறு மட்டும்தான் லீவு. ஆர்டரே கேக்க மாட்டேன், பார்த்ததும் போட்டுருவேன்."

"எவ்வளவு நாளா, பாஸ்?"

"இருக்கும், ஒரு அஞ்சாறு மாசம்." யூசுப் சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

அஞ்சாறு மாசம். கார்த்திகாவுக்குச் சிரிப்பு வருவதுபோல் வந்து, வராமல் போனது. நாலேமுக்கால் மணி. மிளகை வறுத்து இடித்தது. அளவுக் கப்.

"அப்ப வீட்டுல நான் வைக்கிற டப்பா? அது யாருக்குப் போகுது?"

"அதையும் நான்தான் சாப்பிடுறனான்." மாமா தட்டைப் பார்த்தபடி சொன்னார். "நீ விடியமுன்னம் எழும்பிச் செய்யிறது. கொட்ட மனசு வராது, பிள்ளை."

"ரெண்டும் சாப்பிடுறீங்க?"

அவர் விழுந்த துண்டை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"மாமா, டாக்டர் யார் சமைக்கிறதுன்னு கேட்டப்ப நீங்க பக்கத்துலதானே உட்கார்ந்திருந்தீங்க?"

"இருந்தனான்."

"வசுந்தரா அக்கா வந்து டப்பா டப்பாவா மோந்து பார்த்தாங்களே, அப்ப?"

"இருந்தனான்."

"ஒரு வார்த்தை மாமா. ஒரே ஒரு வார்த்தை. 'கார்த்திகா மேல தப்பு இல்ல'ன்னு. சொன்னா என்ன ஆயிருக்கும்?" அவள் குரல் ஏறிவிட்டது. பக்கத்து மேசையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அதைப் பொருட்படுத்தவில்லை. "ரெண்டு மாசமா எனக்குத் தூக்கம் இல்ல. நான் எங்க தப்புப் பண்றேன்னு நோட்டுல எழுதிக் கணக்குப் போட்டுப் பார்க்குறேன். நீங்க தினம் காலையில விரலை நீட்டுறீங்க, நானும் குத்திப் பார்க்குறேன். உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"பயமா இருந்தது," என்றார் வீரசிங்கம். "சொன்னா இதையும் நிப்பாட்டிப் போடுவீங்கள்."

அந்தக் குரலில் இருந்தது என்னவென்று அவளுக்கு உடனே பிடிபடவில்லை. அவர் டீயைத் தள்ளி வைத்தார். பிறகு, ரொம்ப நாளாக எழுதி வைத்திருந்த புகாரைப் படிப்பதுபோல, நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"அந்தத் தாள்ல செந்தூரன்ட கட்டத்தில மீன் எண்டு இருக்கும். சிந்துவுக்கு முட்டை எண்டு இருக்கும். என்ர கட்டத்தில ஒரு சாப்பாட்டின்ர பேர்கூட இல்ல. எல்லாம் இல்லை, இல்லை, இல்லை. தண்ணி குடிக்கக் கதவைத் திறக்கிற நேரமெல்லாம் அதைத்தான் பார்க்கிறன்."

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை கேக்குறேன்ல மாமா? என்ன வேணும்னு கேக்குறேன்ல? எதெண்டாலும் சரின்னு யார் சொன்னா?"

"சொதி வேணுமெண்டு கேட்டா வைப்பியோ?"

'தேங்காய்ப்பால் கூடாது மாமா.' பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. கார்த்திகா வாயைத் திறந்து, மூடிக்கொண்டாள். சொதி வைக்க அவளுக்கு மாமிதான் கற்றுக்கொடுத்தாள். முதல் பாலைக் கடைசியில் ஊற்று, ஊற்றினதும் அடுப்பை அணை, எலுமிச்சம்புளியைக் கொதிக்கும்போது விட்டுடாதே. அதை அவள் வைத்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

"வசுவிட்ட சொல்லாத, பிள்ளை," என்றார் அவர் எழுந்திருக்கும்போது.

"நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும். ஞாயித்துக்கிழமை அவங்க போன் பண்ணுறப்ப, ஸ்பீக்கர்ல போட்டுட்டு."

வீட்டுக்கு வந்ததும் மாமாவின் பைலை எடுத்து, உணவு ஆலோசகர் கொடுத்த பழைய தாளைத் தேடினாள். மலாயில் அச்சடித்த தாள். உப்பு: குறைக்கவும். தேங்காய்ப்பால்: குறைக்கவும். கிழங்கு: தோல் சீவி, ஊற வைத்து, வேக வைத்த தண்ணீரைக் கொட்டவும். மூன்று தடவை படித்தாள். 'இல்லை' என்று அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. குறைப்பது என்றால் அளக்க வேண்டும், நினைவு வைக்க வேண்டும், யாரோடாவது பேசி முடிவு செய்ய வேண்டும். இல்லை என்றால் சுலபம். எப்போது அந்தச் சுலபத்துக்கு மாறினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிளினிக்குக்குப் போன் செய்து, காத்திருந்து, உணவு ஆலோசகப் பெண்ணிடம் கேட்டாள். மெல்லிய பாலில், அரைக் கிண்ணம், வாரம் ஒரு தடவை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம் என்று அந்தப் பெண் சொன்னாள். "முழுசாவா நிறுத்திட்டீங்க? வயசானவங்க, பாவம்." கார்த்திகா போனை வைத்துவிட்டு அடுப்படி நாற்காலியில் உட்கார்ந்தாள். தன் மேலும் தப்பு இருக்கிறது என்பது, இத்தனை கோபத்துக்கு நடுவில், அவளை இன்னும் கோபப்படுத்தியது. முழுசாகக் கோபப்படக்கூட விடமாட்டார்கள் போலிருக்கிறது.

ஹாலில் செந்தூரன் வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். செவ்வாயும் வியாழனும் அவன் ஆபிஸ் போகத் தேவையில்லாத நாள். காதில் ஹெட்போன். அவள் சீக்கிரம் வந்திருப்பதையே பன்னிரண்டரைக்குத்தான் கவனித்தான்.

"ஏய், வந்துட்டியா? நல்லதாப் போச்சு. லஞ்ச் என்ன?"

ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கு வசுந்தரா அழைத்தாள். மாமா தானாகவே ஸ்பீக்கரை அமுக்கினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"வசு, நான் கொஞ்ச நாளா வெளியில ரொட்டி சாப்பிட்டு வந்தனான். டெய்லி. டீயும்தான். அதுதான் சுகர் ஏறினது. கார்த்திகா..."

"ஐயோ அப்பா!" வசுந்தராவின் குரல் ஹால் முழுக்க நிறைந்தது. "பாவம் நீங்க. வீட்டுல வாய்க்கு ருசியா கிடைச்சா நீங்க ஏன் வெளிய போகப் போறீங்க?"

"இல்ல வசு, அப்பிடி இல்ல..." என்று மாமா ஆரம்பித்தார். அந்தப் பக்கம் பேச்சு நிற்கவே இல்லை. வேலைக்காரி ஒருத்தியை வைக்கலாமே, காஜாங்கில் ஒரு அம்மா சமைத்து அனுப்புகிறாள், நான் நம்பர் தரேன் என்று போய்க்கொண்டே இருந்தது. செந்தூரன் கார்த்திகாவைப் பார்த்து, "விடு லா, அவ அப்படித்தான்," என்று வாயை மட்டும் அசைத்தான்.

கார்த்திகா மேசையிலிருந்த வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

"இந்த வாரம் நீங்க எழுதுங்க."

"நானா? என்னத்தை எழுதுறது?"

"எதுன்னாலும் எழுதுங்க. செவ்வாய், வியாழன் நீங்க வீட்டுல இருக்கீங்க, மத்தியானமும் ராத்திரியும் நீங்க சமைக்கிறீங்க. திங்கள், புதன் சிந்து. நான் சனி, ஞாயிறு. வெள்ளிக்கிழமை மரக்கறி, யாராவது பேசி முடிவு பண்ணுங்க."

"எனக்கு அசைன்மென்ட் இருக்கும்மா!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"எனக்குத் தினம் காலையில ரயில் இருக்கு," என்றாள் கார்த்திகா. செருப்பை மாட்டிக்கொண்டு கீழே போய்விட்டாள். அடுக்குமாடியைச் சுற்றி ஏழு சுற்று நடந்துவிட்டு, கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒன்றே முக்கால் மணி நேரத்தில் புதன்கிழமை வரை வந்திருந்தார்கள்.

அந்த வாரம் நாசம்தான், வேறு வார்த்தை இல்லை. சிந்து திங்கட்கிழமை எல்லாருக்கும் கோழி நெஞ்சுக்கறியை வெறும் மிளகு போட்டு வேக வைத்தாள். அவளே பாதிக்கு மேல் சாப்பிட முடியாமல் சாஸ் தேடினாள். செந்தூரன் செவ்வாய்க்கிழமை மீன் குழம்பு வைக்கிறேன் என்று பாசாரிலிருந்து மீன் மட்டும் வாங்கி வந்தான். தக்காளி இல்லை, புளி இல்லை, கறிவேப்பிலை இல்லை. கடைசியில் கடைச் சாப்பாட்டைத் தாப்பாவ் கட்டி வாங்கி, அதை வீட்டுப் பாத்திரத்தில் மாற்றி வைத்திருந்தான். கார்த்திகா ஒரு வாய் வைத்ததுமே கண்டுபிடித்துவிட்டாள். "உப்பு தூக்கலா இருக்கு. மாமாவுக்கு இதைக் கொடுத்தீங்களா?" அவன் கழுத்தைச் சொறிந்தான். வியாழக்கிழமை நிஜமாகவே சமைத்தான். ராத்திரி எட்டே முக்காலுக்குச் சோறு மேசைக்கு வந்தது. பாத்திரம் தேய்க்கும் தொட்டியில் பதினொரு பாத்திரம் கிடந்தது. இரண்டாவது வாய் சாப்பிடும்போது சிந்து, "அப்பா, மறுபடியும் பருப்பா?" என்றாள். செந்தூரன் கரண்டியைத் தட்டில் போட்டான்.

"ரெண்டு மணி நேரம் நின்னு செஞ்சிருக்கேன். பேசாம சாப்பிடு."

கார்த்திகா தலை குனிந்து சாப்பிட்டாள். எதுவும் சொல்லாமலிருக்க ரொம்பப் பாடுபட்டாள்.

சனிக்கிழமை அவள் சொதி வைத்தாள். தண்ணீர் சேர்த்த பால், அரைக் கிண்ணம், ஊற வைத்துக் கொட்டிய உருளைக்கிழங்கு இரண்டு துண்டு. கூட இடியப்பம் மூன்று. மாமா நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார்.

"எப்படி மாமா?"

"உப்பு காணாது," என்றார் வீரசிங்கம். இடியப்பத்தை இன்னொரு தரம் தோய்த்துவிட்டு, "ஆனாலும் சொதிதான்," என்றார். நாலு வருஷத்தில் அவள் சமையலில் அவர் சொன்ன முதல் குறை அது. அதற்குக் கோபப்படுவதா வேண்டாமா என்று கார்த்திகாவுக்கே முடிவெடுக்க முடியவில்லை.

இப்போது தாள் மாறியிருக்கிறது. மாமாவின் கட்டத்தை மாமாவே எழுதுகிறார், ரயில்வே கிளார்க்கின் சாய்ந்த கையெழுத்தில், நேரத்தோடு. வியாழக்கிழமை பத்தரை மணிக்கு யூசுப் கடை என்று எல்லாரும் பார்க்கவே எழுதியிருக்கிறார்: ஒரு தோசை, சீனி போடாத டீ. அன்றைக்கு அவருக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது. ஒரு தோசையோடு நிற்கிறதா என்று கார்த்திகாவுக்குச் சந்தேகம் உண்டு. யூசுப்பிடம் போய்க் கேட்கலாம்தான். கேட்கவில்லை.

டிசம்பரில் மூன்று மாதச் சர்க்கரை எட்டு புள்ளி இரண்டு. வேறொரு டாக்டர். "பரவாயில்லை, இன்னும் குறையணும்," என்றாரே ஒழிய, யார் சமைக்கிறார்கள் என்று இந்தத் தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்குக் கார்த்திகா ஒரு பெரிய பதில் வைத்திருந்தாள். வசுந்தரா, தான் பேசிய பேச்சில்தான் அப்பா வெளியே சாப்பிடுவதை விட்டார் என்று செமினியில் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம்.

சிந்து இப்போது மாமிசம் விட்டுவிட்டாள். போன மாதம்வரை மாமிசம் மட்டும்தான். அவள் கட்டத்தில் அடித்தல் திருத்தல் அதிகம். செந்தூரன் தன் நாட்களில் நாலு அயிட்டத்தையே மாற்றி மாற்றிச் செய்கிறான், அதற்கே வீடு முழுக்க விளம்பரம் நடக்கிறது. கார்த்திகாவின் கேன்டீன் டப்பாவில் இன்னும் மிச்சம்தான் போகிறது. இப்போது அது செந்தூரனின் மிச்சம் என்பதால் ருசியும் குறைவு.

போன செவ்வாய்க்கிழமை பதினொன்றரைக்கு, ஏற்றுமதிச் சரக்கின் கடைசி மாதிரிகளை வரிசையாகத் தொங்கவிட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். பைக்குள் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. மறுபடியும் அதிர்ந்தது. மாமாவுக்கு ஏதாவது என்று பதறி எடுத்தாள்.

"கார்த்தி, இந்தப் பெருங்காயம் எங்க லா வச்சிருக்க?"

பின்னால் குக்கர் கத்துவது கேட்டது.

"தேடுங்க," என்று சொல்லிவிட்டுப் போனை அணைத்தாள்.